பழைய ஜெர்மன் காடி (கார்), ரிப்பேருக்கு 18,500 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கேக்குறாங்க, வச்சிக்கிறதா தள்ளி விடறதா?

சிப்புட்_பையன்

வணக்கம் எல்லாருக்கும். கொஞ்சம் நீளமா எழுதப் போறேன், வீட்ல இத பேச ஆரம்பிச்சாலே சண்டையில தான் முடியுது, அதான் இங்க கேக்குறேன்.

என்கிட்ட 2012 மாடல் ஜெர்மன் காடி ஒண்ணு இருக்கு. 2000 சிசி டர்போ, 8 கியர் ஆட்டோ. எந்த கம்பெனின்னு சொல்லல, ஏன்னா எங்க ஊரு சுங்கை சிப்புட்ல இந்த மாதிரி காடி எத்தன ஓடுதுன்னு விரல் விட்டு எண்ணிரலாம், கலரும் சேத்து சொல்லிட்டேன்னா நாளைக்கு பசார்ல மீன் வாங்கப் போறப்ப "என்னா தம்பி கீர்பாக்ஸ் எப்புடி இருக்கு"ன்னு மீன்காரரே கேப்பாரு.

செகண்ட்ஹேண்ட்ல 62,000 வெள்ளிக்கு எடுத்தது. 12,000 முன்பணம், 50,000 லோன், 5 வருஷம், வட்டி 3.8. மாசம் 992 கட்டுறேன், இன்னும் 26 மாசம் பாக்கி. கிலோமீட்டர் 148,000. தினம் ஈப்போவுக்கு வேலைக்கு போய்ட்டு வர்றது இதுல தான். மனைவிகிட்ட ஒரு பழைய புரோட்டோன் வீரா காடி இருக்கு, அது இன்னும் நல்லா தான் ஓடுது (அத அவங்க அடிக்கடி ஞாபகப்படுத்துவாங்க).

இப்ப பிரச்சன என்னான்னா காலைல ஸ்டார்ட் பண்ணா ரெண்டு மூணு செகண்ட் கரகரன்னு ஒரு சத்தம், அப்புறம் தானா நின்னுருது. கியர் 2லேருந்து 3க்கு மாறும்போது முதுகுல ஒரு உதை. நிப்பாட்டுன எடத்துல எண்ணெ சொட்டு. கூலன்ட் தண்ணி கொறையுது, ஆனா எங்க போகுதுன்னு தெரியல. தோட்டத்து ரோட்டுல போனா முன்னாடி டொக்கு டொக்குன்னு அடிக்குது, எங்க பெரியம்மா வீடு இன்னும் எஸ்டேட்டுக்குள்ள தான் இருக்கு, செம்மண் ரோடு, லோரி போய் போய் எல்லாம் பள்ளம்.

ஒரு வொர்க்‌ஷாப்ல காட்டுனேன். டைமிங் செயின் (இன்ஜின் உள்ள ஓடற சங்கிலி) செட் கூலியோட 6,800. கீர்பாக்ஸ் ஓவர்ஹால் (மொத்தமா பிரிச்சு செய்யறது) 7,500. வால்வ் கவர் கேஸ்கெட், எண்ணெ ஒழுகல் எல்லாம் சேத்து 1,700. வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் 1,600. லோவர் ஆர்ம் (முன் சக்கரத்த புடிச்சிருக்குற கம்பி) 900. ஆக மொத்தம் 18,500. கேட்டதும் அங்கயே ஒரு நாற்காலி இழுத்துப் போட்டு உக்காந்துட்டேன்.

பழைய காடி எடுக்குற ஒரு தௌகே (வியாபாரி) இப்ப இருக்குற நெலமையிலேயே 15,000க்கு எடுத்துக்கிறேன்னு சொல்றாரு. இதே காடி நல்ல கண்டிஷன்ல இருந்தா 32,000க்கு போகுது, விளம்பரத்துல போடற விலை இல்ல, கையில வர்ற விலை.

தங்கச்சி கல்யாணம் வேற வருது, மாப்பிள காடியா இத தான் விடணும்னு அப்பா எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிட்டாரு. அவரு ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டுனவரு, தொர காடி போனா சைக்கிள ஓரம் கட்டி எறங்கி நிக்கணும்ன காலத்து ஆளு. இந்த காடிய நான் வீட்டுக்கு கொண்டு வந்த அன்னிக்கி அவரு ஒண்ணும் பேசல, வெளிய ஒரு நாற்காலி போட்டு அத பாத்துக்கிட்டே உக்காந்திருந்தாரு. அதனால "வித்துருப்பா"ன்னு சுலபமா சொல்லிடாதீங்க, சொன்னாலும் காரணத்தோட சொல்லுங்க.

மைவி_வாழ்க

வித்துட்டு பெரோடுவா மைவி எடு, சின்ன காடி. ரோட்டெக்ஸ் (வருஷ சாலை வரி) 90 வெள்ளி. சாமான் ரோட்டோரக் கடையில கூட கெடைக்கும். முடிஞ்சது கத.

பழைய_இரும்பு

தம்பி நான் ஹாஃப்கட் (வெளிநாட்டுலேருந்து பாதியா வெட்டி வர்ற பழைய காடி) தொழில்ல இருந்தவன், ஒளிவு மறைவு இல்லாம சொல்றேன். இந்த வயசு காடிங்க யானைய கட்டி தீனி போடற வேல. இன்னிக்கி 18,500 போட்டு செயின், கீர்பாக்ஸ் எல்லாம் முடிச்சேன்னு வை, அடுத்த வருஷம் டர்போ, அதுக்கடுத்து இஞ்செக்டர், ஏர்கோன் கம்ப்ரசர். அந்த காடி புதுசா இருந்தப்ப 3 லட்சத்துக்கு மேல வித்தது, விலை தான் 32,000க்கு எறங்கிருச்சு, சாமான் விலை இன்னும் 3 லட்சத்து காடி விலையிலேயே நிக்குது. இத யாரும் வாங்கும்போது யோசிக்கிறதில்ல, நம்ம நாட்ல புது காடிக்கு எக்சைஸ் வரி மட்டும் 60லேருந்து 105 பர்சன்ட் வர போடறான், அதனால மைவி காசுக்கு பெரிய காடி கெடைக்கிற மாதிரி கண்ணுக்கு தெரியும்.

இன்னொன்னு, யாராவது "ஹாஃப்கட் இன்ஜின் வாங்கி மாட்டிடு, 8,000ல முடிஞ்சிரும்"னு சொல்ல வருவாங்க. கேக்காத. இங்கிலாந்துலேருந்து வர்ற ஹாஃப்கட் நம்ம மாதிரியே வலது பக்கம் ஸ்டீயரிங், எல்லாம் ஒத்துப் போகும், அது உண்ம தான். ஆனா அதுவும் அதே வருஷத்து இன்ஜின், உள்ள அதே செயின், அதே பிளாஸ்டிக் கைடு (செயின் ஓடற தடம்), எத்தன மைல் ஓடுச்சுன்னு ஆண்டவனுக்கு தான் தெரியும். அதுக்கு மேல இன்ஜின் நம்பர் மாறுனா புஸ்பாக்கோம்ல (காடி பரிசோதனை எடம்) காட்டி ஜேபிஜேல (சாலை போக்குவரத்து இலாகா) மாத்தி எழுதணும், ரசீது இல்லாம அலையணும். நான் வித்த பொருள பத்தி நானே சொல்றேன்.

15,000ன்னா குடுத்துரு.

கீர்பாக்ஸ்_மாமா

மேல இருக்குற அண்ணன் சொன்னதுல பாதி சரி, பாதி அவரோட தொழில் பேசுது, தப்பா எடுத்துக்காதீங்கண்ணே.

தம்பி, நான் பட்டர்வொர்த் பக்கம் போமன் (மெக்கானிக்) வேல பாக்குறேன், ஐரோப்பா காடி தான் அதிகம் வருது. உன் 18,500 எனக்கு ரிப்பேர் பில்லு மாதிரி தெரியல, பயந்து போய் எழுதுன லிஸ்ட் மாதிரி இருக்கு. ஒவ்வொண்ணா வருவோம்.

கீர்பாக்ஸ். 8 கியர் ஆட்டோ பெட்டிய பல ஜெர்மன் காடிக்கு செஞ்சு குடுக்குறது செட்எஃப்னு ஒரு கம்பெனி. காடி கம்பெனிங்க "ஆயுசுக்கும் ஆயில் மாத்த வேணாம்"னு சொல்லுவாங்க, ஆனா பெட்டிய செஞ்ச செட்எஃப்பே 80,000லேருந்து 120,000 கிலோமீட்டருக்குள்ள, இல்லன்னா 8 வருஷத்துல ஆயில் மாத்துன்னு சொல்லுது. உன்னுது 148,000. இது வரைக்கும் மாத்துனியா? நீ எழுதல, அப்ப மாத்தலன்னு நெனைக்கிறேன். 2லேருந்து 3க்கு ஒரு உதைன்னா நேரா ஓவர்ஹாலுக்கு போகக் கூடாது. ஆயில், அடியில இருக்குற பான் (அதுலயே ஃபில்டர் ஒட்டியிருக்கும், பான் பிளாஸ்டிக், மொத்தமா மாத்தணும்), ஸ்லீவ், சீல் எல்லாம் புதுசு போட்டு அடாப்டேஷன் ரீசெட் (கம்ப்யூட்டர் பழகி வச்சிருக்குற கியர் கணக்க அழிக்கிறது) பண்ணி ஒரு வாரம் ஓட்டிப் பாக்கணும். ஆயில் அளவு பாக்குறதும் சும்மா இல்ல, இன்ஜின் ஓடிக்கிட்டு இருக்கணும், ஆயில் சூடு கம்ப்யூட்டர்ல பாத்து குறிப்பிட்ட சூட்டுல தான் அளவு புடிக்கணும், கண் பார்வைக்கு ஊத்துற போமன்கிட்ட குடுக்காத. இதுக்கு 1,500, 1,800 ஆகலாம். வழுக்குது, ரிவர்ஸ் லேட்டா புடிக்குது, ஆயில் கருகி நாறுது, பான்ல இரும்பு தூள் நெறைய இருக்குன்னா அப்ப ஓவர்ஹால் பேசலாம்.

செயின். இத வெளையாட்டா எடுக்காத. காலைல கரகர சத்தம்னா டென்ஷனர் (செயின இறுக்கி புடிக்கிறது) தளர்ந்திருக்கும், இல்லன்னா கைடு தேய்ஞ்சிருக்கும். செயின் ஒரு பல்லு தாண்டுச்சுன்னா வால்வும் பிஸ்டனும் முட்டிக்கும், அப்புறம் நீ 6,800 பேச வேண்டியதில்ல, இன்ஜினே போச்சு. இந்த காலத்து ஜெர்மன் இன்ஜின் பல பேருக்கு செயின் கத உண்டு, ஒரு கம்பெனி மட்டும் இல்ல. பிஎம்டபிள்யூ 2011ல கொண்டு வந்த என்20 இன்ஜின்ல பழைய கைடு பிளாஸ்டிக் காய்ஞ்சு ஒடையிறது உலகம் பூரா தெரிஞ்ச விஷயம், பின்னாடி கைட மாத்தி விட்டாங்க. மெர்சிடிஸ் எம்272 வி6ல ஆரம்ப கால இன்ஜினுக்கு பேலன்ஸ் ஷாஃப்ட் பல்லு தேயும், இன்ஜினயே எறக்கி தான் செய்யணும். அவுடி 2.0 டிஎஃப்எஸ்ஐலயும் பழைய டென்ஷனர் பிரச்சன இருந்துச்சு. உன் காடி எதுன்னு நான் கேக்கல, எதுவா இருந்தாலும் பாக்குற முற ஒண்ணு தான்.

என்னா பண்ணணும்னா ஆயில் வடிச்சு ஃபில்டர அறுத்துப் பாக்க சொல்லு. பழுப்பு கலர்ல பிளாஸ்டிக் துண்டு இருந்தா கைடு ஒடையுதுன்னு அர்த்தம், அந்த துண்டு கீழ பான்ல ஆயில் உறிஞ்சுற வாய அடைச்சா ஆயில் பிரஷர் போயி டர்போவும் போயிரும். ஸ்கேன் போட்டு கேம் ஷாஃப்டும் கிராங்க் ஷாஃப்டும் எத்தன டிகிரி வெலகியிருக்குன்னு பாக்கணும். அது வரைக்கும் ஹைவேல பறக்காத, முடிஞ்சா வீராவுல வேலைக்கு போ.

இன்னொரு விஷயம், இதுல தான் காசு மிச்சம். செயின் செய்யணும்னா வால்வ் கவர எப்படியும் கழட்டியாகணும். அப்ப அந்த 1,700ல இருக்குற கவர் கழட்டி மாட்டுற கூலி எதுக்கு தனியா? ஒரே கூலிய ரெண்டு தடவ எழுதியிருக்காங்க. ரெண்டும் சேத்து ஒரே வேலையா விலை கேளு.

கூலன்ட் கொறையுறதுக்கு காத்து அடிச்சு பிரஷர் டெஸ்ட் பண்ணாங்களா? பண்ணாம வாட்டர் பம்ப்ன்னு எழுதுனா அது ஊகம். இந்த காடிங்கள்ல பைப்பு, ஜாயின்ட் எல்லாம் பிளாஸ்டிக், நம்ம ஊரு சூட்டுல பத்து வருஷத்துக்கு மேல தாங்காது, கையில எடுத்தா பிஸ்கட் மாதிரி ஒடையும்.

லோவர் ஆர்ம் 900 நியாயமான விலை தான், செய். இல்லன்னா டயர் ஒரு பக்கமா தேயும். ரன்ஃபிளாட் டயர்ன்னா (காத்து போனாலும் கொஞ்ச தூரம் ஓடறது) ஸ்பேர் டயர் இருக்காது பாரு, ராத்திரில தோட்டத்து ரோட்டுல பக்கவாட்டுல கிழிஞ்சா ரொம்ப கஷ்டம். அத பத்தி நீ கேக்கல, இருந்தாலும் சொல்றேன்.

தோட்டத்து_ராக்கெட்

மாமா எழுதுனத பிரின்ட் எடுத்து வச்சிக்கலாம் போல. நன்றி மாமா.

எனக்கு ஒரு சந்தேகம், கட்ட முடியலன்னா காடிய பேங்க்லயே சரண்டர் பண்ணிட்டா முடிஞ்சிருமே? எங்க தாமான்ல (குடியிருப்புல) ஒருத்தர் அப்படி தான் சாவிய குடுத்துட்டு நிம்மதியா இருக்காரு.

கணக்குபுள்ள

நிம்மதியா இருக்காரா இல்ல லெட்டர் இன்னும் வரலயான்னு கேட்டுப் பாருங்க. சாவிய குடுத்தா கடன் போயிராது. பேங்க் காடிய ஏலம் விடும், ஏலத்துல வந்தது போக மிச்ச கடன், இழுத்துட்டு போன கூலி, வச்சிருந்த வாடக எல்லாம் நம்ம தலையில தான் வந்து விழும். ஏலத்துல இந்த மாதிரி காடி என்னா விலைக்கு போகும்னு பழைய_இரும்பு அண்ணனுக்கு தெரியும். சிசிரிஸ்ல (பேங்குங்க பாக்குற கடன் பதிவு) கடைசி 12 மாசம் எப்படி கட்டுனோம்னு எல்லாம் தெரியும், நாளைக்கு வீட்டு லோனுக்கு போனா அதுவும் முன்னாடி வந்து நிக்கும்.

1967 ஹயர் பர்சேஸ் சட்டத்துல தொடர்ந்து ரெண்டு மாசம் கட்டலன்னா, 21 நாள் நோட்டிஸ் குடுத்துட்டு பேங்க் காடிய எடுக்கலாம். காடியோட ரொக்க விலையில 75 பர்சன்டுக்கு மேல தவணை கட்டியிருந்தா தான் கோர்ட் உத்தரவு இல்லாம எடுக்க முடியாது. நம்ம சிப்புட் தம்பி 60ல 34 மாசம் கட்டியிருக்காரு, தவணையா 33,700 சொச்சம், 62,000ல 54 பர்சன்டு தான், அதனால அந்த பாதுகாப்பும் இல்ல. மாசத் தவணைய மட்டும் நிறுத்தாதீங்க தம்பி, மத்தது எப்படி வேணாலும் பேசிக்கலாம்.

இப்ப கணக்குக்கு வருவோம், எல்லாரும் காடி விலையும் ரிப்பேர் விலையும் மட்டும் பாக்குறீங்க, கடன விட்டுட்டீங்க.

50,000க்கு 3.8 வட்டி 5 வருஷம்னா மொத்த வட்டி 9,500. இன்னும் 26 மாசம், 992 வீதம் 25,792 கட்டணும். இன்னிக்கே முடிச்சா வட்டியில கொஞ்சம் கழிவு உண்டு, ஆனா இந்த மாதிரி நிலையான வட்டி ஒப்பந்தத்துல 78 விதின்னு ஒரு கணக்கு போடறாங்க, வட்டிய முன்னாடி மாசங்கள்லயே பெரும்பாலும் எடுத்துருவாங்க. அதனால 26 மாசம் மிச்சம் இருந்தாலும் கழிவு 1,800 சொச்சம் தான். ஆக செட்டில் பண்ண 24,000 வேணும். பேங்க்ல செட்டில்மென்ட் லெட்டர் கேட்டு வாங்குங்க, நான் சொல்றது கிட்டத்தட்ட தான்.

இப்ப அப்படியே 15,000க்கு தள்ளுனா கையிலேருந்து 9,000 போட்டு கடன முடிக்கணும், காடியும் இருக்காது. பழைய_இரும்பு அண்ணே "குடுத்துரு"ன்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டீங்க, அந்த 9,000 யாரு தருவா?

18,500 போட்டு சரி பண்ணி 32,000க்கு வித்தா? கடன் 24,000 போக 8,000 மிச்சம், அதுக்கு போட்டது 18,500. கையிலேருந்து 10,500 போச்சு. அப்படியே விக்கிறத விட 1,500 கூட நட்டம், நடுவுல அலைச்சல் வேற. அதனால ஒண்ணு தெளிவு, இந்த விலையில விக்கிறதுக்காக ரிப்பேர் பண்றது வீண். விக்கிறதுன்னா அப்படியே வித்துரணும், ரிப்பேர் பண்றதுன்னா லோன் முடியற வரைக்கும், அதுக்கு மேலயும் வச்சி ஓட்டணும். ரிப்பேரும் பண்ணி ஆறு மாசத்துல விக்கலாம்னு நெனைக்கிறது தான் ரொம்ப மோசமான வழி, நெறைய பேரு அத தான் செய்யறாங்க.

ஆனா கீர்பாக்ஸ்_மாமா சொல்ற மாதிரி பில்லு 9,000, 10,000க்கு எறங்குச்சுன்னா மொத்த கணக்கும் தலைகீழா மாறிரும். அதனால முதல்ல தெரிஞ்சிக்க வேண்டியது உண்மையான பில்லு எவ்வளவுங்கறது தான். அது தெரியாம நம்ம எல்லாரும் இங்க காத்துல கணக்கு போட்டுக்கிட்டு இருக்கோம்.

மைவி_வாழ்க சொன்னதையும் பாப்போம். புது மைவி 1.5 எல்லாம் 50,000 தாண்டி நிக்குது, அதுக்கு புது லோன். ரோட்டெக்ஸ் 90 வெள்ளி சரி, 2000 சிசிக்கு 380, வித்தியாசம் வருஷத்துக்கு 290 வெள்ளி. அதுக்காக ஒருத்தர் காடி மாத்துனா அது கணக்கே இல்ல. 3000 சிசி வச்சிருந்தா 2,130 வெள்ளி, அவங்க அழுதா நியாயம்.

மைவி_வாழ்க

நான் ஒரு வரி எழுதுனேன், நீங்க பட்ஜெட்டே தாக்கல் பண்ணிட்டீங்க. சரி, செகண்ட்ஹேண்ட் மைவி 20,000க்கு எடுக்க சொல்லுங்க, அதுக்கு என்னா சொல்றீங்க?

கணக்குபுள்ள

அது நியாயமான கேள்வி. 9,000 கடன முடிக்க, 20,000 மைவிக்கு, மொத்தம் 29,000 வேணும், ஒரு பகுதி லோன் போட்டாலும். இன்னிக்கி கையிலேருந்து போடற காச மட்டும் பாத்தா 18,500 ரிப்பேர் மலிவு, பாக்கி 24,000 கடன் தனியா நிக்கும். ஆனா அந்த மைவி அடுத்த மூணு வருஷம் டயர், பேட்டரி, பிரேக் தவிர எதுவும் கேக்காது, இது கேக்கும். அந்த "கேக்கும்"க்கு என்னா விலைன்னு கீர்பாக்ஸ்_மாமா தான் சொல்லணும்.

கீர்பாக்ஸ்_மாமா

வருஷத்துக்கு ஒரு 3,000லேருந்து 4,000 ஒதுக்கி வைக்கணும், சர்வீஸ் தனி. ஒதுக்க முடியலன்னா இந்த மாதிரி காடி வேணாம், அத நேராவே சொல்லிடறேன். ஆயில் கம்ப்யூட்டர் சொல்ற வரைக்கும் காத்திருக்காத, 7,000, 8,000 கிலோமீட்டருக்கு மாத்திரு, சூட்டு நாடு, ஜாம்ல நிக்கிற ஓட்டம்.

லூனாஸ்_அக்கா

கணக்கு எல்லாம் பிரமாதம். யாருமே கேக்காத ஒண்ண நான் கேக்குறேன் தம்பி, கோவப்படாத.

அப்பா நாற்காலி போட்டு பாத்துக்கிட்டே இருந்தாருன்னு எழுதுன, படிச்சதும் எனக்கும் நெஞ்சு ஒரு மாதிரி ஆயிருச்சு, எங்கப்பாவும் கூலிம் பக்கம் தோட்டத்துல இருந்தவரு தான், தொர, கிராணி, தண்டல்னு பேரு சொன்னாலே எந்திரிச்சி நிப்பாரு. ஆனா அப்பாகிட்ட இந்த 18,500 பத்தி சொன்னியா? சொல்லாம அவரு பேர சொல்லி காடிய காப்பாத்துற மாதிரி எனக்கு தெரியுது. தோட்டத்துல வாழ்ந்தவங்களுக்கு காசோட அரும நம்மள விட நல்லா தெரியும். சொல்லிப் பாரு, அவரே "வித்துட்டு வேற பாருப்பா"ன்னு சொன்னாலும் சொல்லுவாரு, இல்ல அவரு சேத்து வச்சதுலேருந்து எடுத்து நீட்டுவாரு, அப்ப உனக்கு இன்னும் சங்கடம், அதையும் யோசிச்சிக்க.

உன் மனைவியும் வீரா ஓட்டிக்கிட்டு ஒண்ணும் சொல்லாம இருக்காங்கன்னு நெனைக்காத. கல்யாண செலவு வருது, 18,500ங்கறது தங்கச்சிக்கு போடற நகையில பாதி.

கல்யாணத்துக்கு மாப்பிள காடி வேணும்னா ஒரு நாள் வாடகைக்கு எடு. ஈப்போவுல பூ கட்டி, டிரைவரோட குடுக்குறாங்க. ஒரு நாள் பெருமைக்கு இவ்வளவு காசு போடறது எனக்கு ஒப்பல.

தோட்டத்து_ராக்கெட்

அக்கா சொன்னா சரி தான்.

சிப்புட்_பையன்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு வரும்னு எதிர்பாக்கல. கணக்குபுள்ள அண்ணே, நீங்க போட்ட கணக்க மனைவிகிட்ட காட்டுனேன், "இவர மாதிரி ஒருத்தர் வாங்கறதுக்கு முன்னாடி கெடைச்சிருக்கணும்"னு சொன்னாங்க. லூனாஸ் அக்கா, கோவம் எல்லாம் இல்ல. அப்பாகிட்ட இன்னும் சொல்லல, சொல்றேன்.

மாமா, ஆயில் மாத்துன ரெக்கார்ட் எனக்கு முன்னாடி இருந்தவர்கிட்டயும் இல்ல. ஈப்போவுல ஐரோப்பா காடி மட்டும் பாக்குற இன்னொரு எடத்துல புக் பண்ணியிருக்கேன், நீங்க எழுதுனத அப்படியே கேக்கப் போறேன். ஒரு கேள்வி, ஃபில்டர அறுத்துப் பாக்க சொன்னா அவங்க கோச்சிக்க மாட்டாங்களா?

கீர்பாக்ஸ்_மாமா

கோச்சிக்கிற போமன்கிட்ட காடிய விடாத. பக்கத்துல நின்னு பாரு, பழைய சாமான் எல்லாத்தையும் பெட்டியில போட்டு குடுக்க சொல்லு. செயின் கிட் வாங்கும்போது கைடு, டென்ஷனர், ஆயில் பம்ப் செயின் எல்லாம் சேந்து இருக்கான்னு பாரு. மேல் செயின மட்டும் மாத்திட்டு கீழ ஆயில் பம்ப் செயின பழசா விட்டா மறுபடியும் அதே கூலி. ஒரிஜினல் டப்பா வேணும்னு இல்ல, ஓஈஎம் போதும், அதே ஃபேக்டரி சாமான் தான், டப்பாவுல சின்னம் இருக்காது. ஆனா பேரு தெரியாத மலிவு சாமான் செயினுக்கு போடாத. ஏர்கோன் பில்டருக்கு வேணா போட்டுக்க.

சிப்புட்_பையன்

வந்து சொல்றேன்னு சொல்லிட்டு போனேன், சொல்றேன்.

ஃபில்டர அறுத்தாங்க. பிளாஸ்டிக் துண்டு இருந்துச்சு, நகக்கண்ணு அளவு ரெண்டு மூணு. மாமா சொன்னது கரெக்டு, செயின் செஞ்சே ஆகணும். வால்வ் கவர் வேலையோட சேத்து கேட்டேன், செயின் 6,300, கவரும் கேஸ்கெட்டும் சாமான் விலை 1,500, கூலி தனியா இல்ல. கீர்பாக்ஸ் ஆயில் கருப்பா வந்துச்சு ஆனா கருகல் வாட இல்ல, பான்ல மாக்னெட்ல மெல்லிசா தூள் மட்டும், ஆயில், பான், சீல், ரீசெட் எல்லாம் 1,600. உதை இப்ப இல்ல, குளிர்ல மட்டும் லேசா ஒரு தயக்கம். கூலன்ட்டு பிரஷர் டெஸ்ட் பண்ணதுல வாட்டர் பம்ப் நல்லா இருக்கு, இன்ஜின் பின்னாடி ஒரு பிளாஸ்டிக் பைப்பு வெடிச்சிருக்கு, 180 வெள்ளி. ஆக 9,580. லோவர் ஆர்ம் அடுத்த சம்பளத்துல.

அப்பாகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் "எத்தன வருஷம் ஓடும்?"னு மட்டும் கேட்டாரு. லோன் முடியற வரைக்கும் ஓட்டணும்பா, அதுக்கப்புறம் பாக்கலாம்னு சொன்னேன், தலைய ஆட்டுனாரு. காசு நீட்டல அக்கா, நல்லவேள. மனைவியோட ஒரு ஒப்பந்தம், மாசம் 300 வெள்ளி தனி அக்கவுண்ட்ல காடிக்குன்னு போடணும், அதுல காசு இல்லாத மாசம் ஏதாவது பெருசா ரோசாக் (ரிப்பேர்) ஆச்சுன்னா அப்படியே வித்துரணும், பேச்சு கெடையாது. கல்யாணத்துக்கு இதே தான் மாப்பிள காடி, வாடக மிச்சம்.

கணக்குபுள்ள

9,580ன்னா இன்னிக்கி சரி பண்ணி வித்தாலே நட்டம் 1,600க்குள்ள தான். வச்சிக்கறதும் தப்பில்ல, விக்கறதும் தப்பில்லங்கற எடத்துக்கு வந்துட்டீங்க. 300ங்கறது மாமா சொன்ன 3,000 - 4,000 கணக்குக்கு சரியா வருது. எல்லா ரசீதும் ஒரே ஃபைல்ல போட்டு வைங்க, செயின் மாத்துன ரசீது இருந்தா விக்கும்போது பேரம் பேச தெம்பு இருக்கும்.

பழைய_இரும்பு

செஞ்சிட்ட, நல்லா இருக்கட்டும். ஆனா என் பேச்ச நான் மாத்த மாட்டேன். டர்போ இன்னும் ஒரிஜினல் தானே? பிளாஸ்டிக் துண்டு ஆயில்ல சுத்துன காடி, ஆயில் போற பைப்பு டர்போவுக்கும் போகுது. அடுத்த சர்வீஸ்ல ஃபில்டர மறுபடியும் அறுத்துப் பாரு, அப்ப என்னா வருதுன்னு இங்க எழுது. சுத்தமா வந்துச்சுன்னா ஈப்போவுக்கு வா, சாப்பாடு நான் வாங்கித் தரேன்.